சோதனைச்சாவடியில் இருந்து வகுப்பறைக்கு

1998ஆம் ஆண்டு. வவுனியா நகரில் இருந்து நான் படிப்பித்த பாடசாலைக்குப் போவதற்கு இரண்டு சோதனைச்சாவடிகளைத் தாண்ட வேண்டும். பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி விடுவார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்களைச் சோதிப்பதற்குத் தகரத்தால் அடைத்த சிறு கொட்டில் ஒன்று இருந்தது. உள்ளே சீருடை அணிந்த ஒரு பெண். அடையாள அட்டையையும் பாஸையும் பார்ப்பார், கைப்பையைக் கொட்டச் சொல்லுவார், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுவார். அதன் பின்னர் உடலைத் தடவிச் சோதிப்பார். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் இதற்கு மேல் விபரிக்கத் தேவையில்லை.

அன்று மழை பெய்திருந்தது. இரவிரவாகத் திருத்தி வைத்த தரம் 4 பிள்ளைகளின் கொப்பிகளை ஒரு சீலைப்பையில் கொண்டு போனேன். அவை ஈர நிலத்தில் கொட்டுப்பட்டன. குனிந்து பொறுக்கும்போது என் சேலைக் கொய்யகத்தைப் பிடித்து உதறிப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஏதோ ஒரு சொல் சொன்னார். வெளியில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அப்போது சிங்களம் தெரியாது. அந்தச் சொல் என்னவென்று இன்று வரைக்கும் தெரியாது. கெட்ட வார்த்தையாக இருந்திருக்கலாம், வெறும் பகிடியாகவும் இருந்திருக்கலாம். விளங்காத சொல் விளங்கிய சொல்லை விட நீண்ட நேரம் மனதில் நிற்கிறது.

பாடசாலைக்குப் போய்ச் சேர நேரம் பிந்திவிட்டது. வரவுப் பதிவேட்டில் அதிபர் சிவப்புக்கோடு கீறிவிட்டார். கோட்டுக்குக் கீழே கையொப்பம் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். முதற்பாடம் கணிதம். மூன்றாவது வரிசையில் இருந்த பையன் ஒருவன் கொப்பி கொண்டு வரவில்லை. "ஏன் கொண்டு வரேல்லை?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடிமட்டத்தால் அடித்தேன். ஒன்று, இரண்டு அல்ல. வகுப்பு முழுவதும் மூச்சுக் காட்டாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த அமைதி எனக்கு அப்போது ஒருவித ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் காலை அவனுடைய தாய் வந்தார். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின்னர் மலையகத்தில் இருந்து வந்து வவுனியாவில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. சத்தம் போடவில்லை. "எங்க புள்ளைங்கன்னா அடிக்கலாம்னு நெனைச்சிட்டீங்களா டீச்சர்? நேத்து இன்னும் ரெண்டு புள்ளைங்க கொப்பி கொண்டு வரலையாம். அதுங்கள நீங்க ஒன்னுமே செய்யலியாம்" என்றார்.

அது உண்மை. இன்னும் இரண்டு பேர் கொப்பி கொண்டு வரவில்லை. ஒருத்தி கச்சேரியில் வேலை செய்யும் ஒருவரின் மகள். மற்றவன் என்னுடைய ஊர்ப் பக்கத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பையன். நான் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. அவர்களை விட்டுவிட்டேன் என்பதைக் கூட அந்தத் தாய் சொல்லும் வரைக்கும் நான் கவனிக்கவில்லை.

கொட்டிலில் எனக்கு நடந்தது என் இனத்தின் காரணமாக. நான் அந்தப் பையனுக்குச் செய்ததும் ஏறத்தாழ அதே வகையான காரணத்தால்தான். இடையில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை.

இது எந்த வகை நெருக்கீடு?

ஆசிரியத் தொழிலில் நெருக்கீடு புதிய விடயம் அல்ல. சம்பளம் போதாது, வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், புலமைப்பரிசில் பெறுபேறு, வலயக் கல்விப் பணிமனையின் மேற்பார்வை. இவை எல்லா ஆசிரியர்களுக்கும் உள்ளவை. ஆனால் ஒருவர் இன்ன இனத்தவர், இன்ன மொழி பேசுபவர், இன்ன உடை அணிபவர் என்ற காரணத்தால் அவமதிக்கப்படும்போதும், அவமதிக்கப்படலாம் என்று எந்நேரமும் எதிர்பார்த்துக்கொண்டு வாழும்போதும் ஏற்படுவது வேறு வகையான பாரம். நன்றாகப் படிப்பித்தால் மேற்பார்வையாளரைத் திருப்திப்படுத்தலாம். எவ்வளவு நன்றாகப் படிப்பித்தாலும் பிறப்பை மாற்ற முடியாது. நீங்கள் செய்த ஒன்றுக்காக அல்லாமல் நீங்கள் யார் என்பதற்காக வருவதால்தான் இந்த நெருக்கீட்டுக்குத் தப்ப வழியில்லாதது போல் தோன்றுகிறது. இதனை இன நெருக்கீடு என்று சொல்லலாம்.

உடல் இதனை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு அடிக்கும், கை குளிரும், தொண்டை வரளும், கழுத்து இறுகும். அந்த நேரத்தில் மூளை ஆறுதலாக யோசிக்கும் நிலையில் இருக்காது. ஓடு, அல்லது அடி, அல்லது அசையாமல் நில் என்ற மூன்றில் ஒன்றைத்தான் தெரிவு செய்யும். சாவடியில் ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அசையாமல் நின்றுவிட்டு வருகிறோம். அடிக்கக்கூடிய இடம் ஒன்று கிடைக்கும்போது அது வெளியில் வருகிறது.

எல்லோருக்கும் இது அடியாக வெளிவருவதில்லை. என்னோடு படிப்பித்த ஒரு ஆசிரியை பிள்ளைகளை ஒருநாளும் அடித்ததில்லை, ஏசினதும் இல்லை. ஊரில் ஏதாவது நடந்தால் அன்றைக்குக் கரும்பலகை நிறைய எழுதுவார். பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். முழுப் பாடவேளையும் முதுகுதான் தெரியும். அதிபர் அவரை மிகவும் கடமையுணர்வுள்ளவர் என்று புகழ்ந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பயந்தார் என்று பல வருடங்களின் பின்னர் எனக்குச் சொன்னார். யாராவது ஒரு பிள்ளை "ரீச்சர், அங்க எத்தினை பேர் செத்தவை?" என்று கேட்டுவிட்டால் தன்னால் அழாமல் இருக்க முடியாது என்பது அவருடைய பயம்.

இன்னும் சிலர் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வார்கள். "இந்தப் பிள்ளைகள் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போகுதுகள்" என்ற பேச்சு ஆசிரியர் ஓய்வறையில் அடிக்கடி கேட்டது. 1970களின் தரப்படுத்தலுக்குப் பின்னர் பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கிப் போனதைக் கண்ட தலைமுறை ஆசிரியர்களிடம் இந்தக் கசப்பு ஆழமாகவே இருந்தது. கசப்புக்கு நியாயம் இருந்தது. அதை விழுங்கியவர்கள் பிள்ளைகள்.

மொழியால் பிரிந்த பாடசாலைகள்

எமது நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றில் சிங்கள மொழி மூலம், அல்லது தமிழ் மொழி மூலம். தமிழ் மொழி மூலப் பாடசாலைகளிலும் முஸ்லிம் பாடசாலைகள் வேறாக உண்டு. ஒரு சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படிப்பது அபூர்வம். ஆகவே ஆசிரியரின் இன நெருக்கீடு என்று சொன்னால், மற்ற இனப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில் நிற்பது பற்றி அல்ல நாம் பெரும்பாலும் பேசுவது. வெளியில் சேர்ந்த சுமையைத் தன்னுடைய இனப் பிள்ளைகளின் மேலேயே இறக்கி வைப்பது பற்றித்தான் பேசுகிறோம்.

முன்னர் இவ்வளவு பிரிவு இருக்கவில்லை. யாழ்ப்பாண நகரில் சிங்கள மகா வித்தியாலயம் ஒன்று இருந்தது. ஒஸ்மானியாக் கல்லூரி இருந்தது. தென்பகுதி நகரங்களில் தமிழ் ஆசிரியர்கள் வீடு எடுத்து, அயலவரோடு பழகி, பல வருடம் படிப்பித்தார்கள். 1977இலும் 1983இலும் அவர்களில் பலர் உடுத்த உடுப்போடு திரும்பினார்கள். கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அன்று போனவர்களிலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். எங்களுடைய பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்துகொண்டு மறுபடியும் அகரம் தொடங்கினார்கள். அவர்கள் போனதைப் பற்றி எங்கள் வகுப்பறைகளில் யாராவது பிள்ளைகளுக்கு ஏதாவது சொன்னோமா? வெறுமையான மேசையைக் கண்டு பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். நாம் பேச்சை மாற்றியிருப்போம்.

கிழக்கிலும் அதே ஆண்டுதான் நிலைமை மோசமானது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் ஓகஸ்டில் நடந்த கொலைகள், சத்துருக்கொண்டானில் செப்ரெம்பரில் நடந்த கொலைகள். தமிழ்க் கிராமத்தில் இருந்து முஸ்லிம் கிராமத்துக்கும், முஸ்லிம் கிராமத்தில் இருந்து தமிழ்க் கிராமத்துக்கும் சைக்கிளில் போய்ப் படிப்பித்தவர்கள் வீட்டில் இருந்தார்கள், அல்லது இடமாற்றம் கேட்டார்கள்.

2006ஆம் ஆண்டின் இரண்டு மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 15ஆம் திகதி கெப்பிற்றிக்கொல்லாவையில் பஸ் ஒன்று கண்ணிவெடியில் சிக்கி 60இற்கு மேற்பட்ட சிங்களக் கிராமவாசிகள் இறந்தார்கள். அவர்களில் பாடசாலைப் பிள்ளைகள் இருந்தார்கள். ஓகஸ்ட் 14ஆம் திகதி முல்லைத்தீவு மாவட்டத்தில் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் ஐம்பது வரையான மாணவிகள் இறந்தார்கள். இந்த இரண்டு இடங்களிலும் மறுபடியும் பாடசாலை மணி அடித்தது. இரண்டு இடங்களிலும் வரவுப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட வேண்டிய ஆசிரியை ஒருத்தி இருந்தாள். எந்தப் பெயரில் நிறுத்துவது, எந்தப் பெயரைத் தாண்டிப் போவது? அந்த இருவரும் ஒருவரை ஒருவர் சந்தித்திருக்க மாட்டார்கள். சந்தித்திருந்தாலும் பேசுவதற்குப் பொதுமொழி இருந்திருக்காது. ஆனால் அந்தக் காலை என்னவென்று இருவருக்கும்தான் தெரியும்.

பாடநூலைத் திறக்கும்போது

வரலாற்றுப் பாடம் எமது ஆசிரியர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். பாடநூல் அநேகமாகச் சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வரும். அதில் தன் மக்களைத் தேடினால் படையெடுத்து வந்தவர்களாகத்தான் பெரும்பாலும் காணலாம். துட்டகைமுனு எல்லாளன் போர் வரும் பாடத்தை எப்படிப் படிப்பிப்பது? சில ஆசிரியர்கள் "இதை நீங்களே வாசியுங்கோ, சோதினைக்கு வரும்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போவார்கள். சிலர் புத்தகத்தை மேசையில் எறிந்துவிட்டுத் தங்களுடைய கதையைச் சொல்லுவார்கள். பரீட்சையில் எந்தக் கதையை எழுதுவது என்று பிள்ளைக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் வேறு விதமாகச் செய்தார். அதே மகாவம்சத்திலேயே, வென்ற துட்டகைமுனு இறந்த எல்லாளனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அந்த வழியால் போவோர் மரியாதை செய்ய வேண்டும், வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று கட்டளையிட்டதாக வருகிறது. அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "ஏன் அப்பிடிச் செய்திருப்பான்?" என்று மட்டும் கேட்பார். பதில் சொல்ல மாட்டார். பிள்ளைகள் மணி அடிக்கும் வரை வாதாடுவார்கள். அவரும் சாவடி தாண்டித்தான் வந்தார். தன்னுடைய கோபத்தை என்ன செய்வது என்று முதலிலேயே யோசித்து வைத்திருந்தபடியால் அவரால் அது முடிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

2008இல் கல்வி அமைச்சு சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நல்ல வாசகங்கள் உள்ள ஆவணம். அது வெளிவந்த ஆண்டில் வன்னிப் பிள்ளைகள் மரங்களுக்குக் கீழே படித்துக்கொண்டிருந்தார்கள்.

நாம் செய்தவை

போர் 2009இல் முடிந்தது. சாவடிகள் படிப்படியாகக் குறைந்தன. நெருக்கீடு இடம் மாறியது. 2018இல் திருகோணமலையில் இந்து மகளிர் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது பிரச்சினையாகி, மனித உரிமைகள் ஆணைக்குழு வரையும் நீதிமன்றம் வரையும் போனது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர், மே மாதம் பாடசாலைகள் திறந்தபோது பெற்றோர் வாசலில் நின்று புத்தகப்பைகளைச் சோதித்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்குப் போன சிறுவர்கள் இறந்திருந்தார்கள். பயம் நியாயமானது. ஆனால் அவிசாவளைப் பகுதியில் தமிழ்ப் பாடசாலை ஒன்றில், அதுவரை பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்த முஸ்லிம் ஆசிரியைகளை அபாயாவுடன் உள்ளே வர வேண்டாம் என்று பெற்றோர் வாசலில் மறித்தார்கள். அரசாங்கம் அப்போது தடை செய்தது முகத்தை மூடுவதை. அபாயாவை அல்ல. அந்த ஆசிரியைகள் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குத் தகரக் கொட்டில்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பெண்ணின் உடையைப் பார்த்து அவளை மறிக்கும் இடத்தில் இப்போது நாங்கள் நின்றோம். அந்தப் பிள்ளைகள் அதனை மதிலுக்கு உள்ளே நின்று பார்த்தார்கள். நேற்று வரைக்கும் தங்களுக்குக் கதை சொல்லித் தந்த ரீச்சர் இன்று ஏன் வாசலில் அழுகிறா என்று அவர்களுக்கு யார் விளங்கப்படுத்தியிருப்பார்கள்?

எங்களுக்குள்ளேயே இருப்பதையும் பேச வேண்டும். மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளைக் குறிக்க ஒரு சொல் எம்மிடையே உண்டு. அதை ஆசிரியர்களே வகுப்பில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாதியின் பேரால் பின்வாங்கில் இருத்தப்பட்ட பிள்ளைகள் பற்றி இன்னொரு கட்டுரைதான் எழுத வேண்டும். அவமதிக்கப்பட்டவர் இன்னொருவரை அவமதிக்க மாட்டார் என்று நினைப்பது பிழை.

அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கறுப்பின மாணவரைப் பற்றி அவரைப் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்களிடம் தனித்தனியே கேட்டார்கள். அந்த மாணவர் பட்டப்படிப்பை முடிப்பார் என்று எதிர்பார்த்தது, கறுப்பின ஆசிரியரோடு ஒப்பிடும்போது மற்ற இன ஆசிரியரிடம் ஏறத்தாழ 30 வீதம் குறைவாக இருந்தது. பிள்ளை ஒன்றுதான், பார்த்த கண்கள்தான் வேறு. அந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அவர்களில் பலருக்குத் தாங்கள் அப்படிப் பார்க்கிறோம் என்பதே தெரியாதிருக்கும். எனக்கும் தெரிந்திருக்கவில்லையே.

அதே அமெரிக்காவில் 1968 ஏப்ரல் 4ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அடுத்த நாள் அயோவா மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட், வெள்ளையினப் பிள்ளைகள் மட்டுமே இருந்த தன் வகுப்பை நீலக் கண், மண்ணிறக் கண் என்று பிரித்தார். ஒரு நாள் ஒரு பகுதியினர் உயர்ந்தவர்கள், அடுத்த முறை மறுபகுதியினர். தாழ்ந்தவர்கள் என்று சொல்லப்பட்ட நாளில், நன்றாக வாசிக்கும் பிள்ளைகளே தடுமாறினார்கள். இது உலகப் பிரசித்தி பெற்ற பாடம். பிள்ளைகளை அறியாமலே வேதனைப்படுத்தியதாகக் கண்டனங்களும் வந்தன. எமது பயிற்சிப் பட்டறைகளிலும் சிலர் இதைச் செய்து பார்க்கலாம் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தாழ்ந்தவராக இருப்பது எப்படி என்று நடித்துக் காட்டித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

ஒரு நிமிட வேலை

எமக்கு உதவக்கூடியது வேறொன்று. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹவர்ட் ஸ்டீவன்சன் என்பவர், தாமும் கறுப்பினத்தவர், ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பல வருடங்களாக ஒரு சிறு பயிற்சியைச் சொல்லிக் கொடுத்து வருகிறார். இனத்தின் பேரால் மனம் குழம்பும் நேரத்தில், முதலில் அந்தக் குழப்பத்துக்கு ஒன்றில் இருந்து பத்துக்குள் ஒரு புள்ளி போட வேண்டும். பின்னர் உடலில் எங்கே அது தெரிகிறது என்று பார்க்க வேண்டும்: வயிற்றிலா, கழுத்திலா, கையிலா. அதன் பின்னர், எனக்குள் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்ன காட்சி வருகிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு மூச்சை ஆறுதலாக உள்ளே எடுத்து, ஆறுதலாக வெளியே விட வேண்டும். அவ்வளவுதான். சாவடியை இது அகற்றாது. ஆனால் வகுப்பறை வாசலில் ஒரு நிமிடம் நின்று "இன்றைக்கு எனக்கு எட்டு. கழுத்தில் நிற்கிறது. அவள் சிரித்தது கேட்டுக்கொண்டிருக்கிறது" என்று தனக்குத் தானே சொன்ன ஆசிரியை, கொப்பி இல்லாத பையனைக் காணும்போது அவனைத்தான் காண்பாள்.

இது முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. மூச்சில் கவனம் வைப்பது எங்கள் பாட்டன் பாட்டி காலத்து விடயம். போரின் உளப்பாதிப்புகள் பற்றி எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனிமனிதரின் மனவடுவைப் போலவே சமூகம் முழுவதற்குமான கூட்டு மனவடு உண்டு என்று எடுத்துக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களைப் பயிற்றின. ஆசிரியர்களுக்கும் பயிற்சிகள் நடந்தன. ஆனால் அவற்றில் அநேகமானவை பாதிக்கப்பட்ட பிள்ளையை எப்படி இனங்காண்பது என்பது பற்றியவை. பாதிக்கப்பட்ட ஆசிரியையை யார் இனங்காண்பது என்ற கேள்வி ஓய்வறைத் தேநீரோடு முடிந்துவிடும். அந்தத் தேநீர் நேரத்திலாவது "இன்று என்னை இப்படிச் செய்தார்கள்" என்று ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும். நாங்கள் மற்றவருக்கு ஏன் கவலை என்று மறைத்தோம். பக்கத்துக் கதிரையில் இருந்தவரும் அதே கொட்டிலுக்குள்ளால்தான் வந்தார்.

தாய்மாருக்குச் சில வார்த்தை. உங்கள் பிள்ளை திடீரென்று பாடசாலைக்குப் போக மாட்டேன் என்றால், ஒரு குறிப்பிட்ட பாடம் இருக்கும் நாளில் வயிற்றுக்குத்து என்றால், "நாங்கள் மக்குகள்" என்று பன்மையில் பேசத் தொடங்கினால், போய்க் கேளுங்கள். பன்மை முக்கியம். "நான் மக்கு" என்பது ஒன்று, "நாங்கள் மக்கு" என்பது யாரோ சொல்லிக் கொடுத்தது. கேட்கும்போது வகுப்பின் முன்னிலையில் கேட்காமல், பாடசாலை முடிந்த பின்னர் தனியே கேளுங்கள். என்ன நடந்தது, எப்போது, இன்னும் யார் இருந்தார்கள் என்று பிள்ளை சொன்னதை அப்படியே சொல்லுங்கள். அடித்திருந்தால், உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது (இலக்கம் 2005/17) என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். அதிபர் கேட்கவில்லை என்றால் கோட்டக் கல்விப் பணிமனைக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் எழுத்தில் கொடுக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் மாதர் சங்கத்தில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டில் மற்ற இனத்தைப் பற்றி, மற்ற ஊரைப் பற்றி நாம் பேசும் பேச்சும் புத்தகப்பையோடு பாடசாலைக்குப் போகிறது என்பது உங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி நான் விரித்து எழுதவில்லை. எனக்கும் அதில் அருகதை குறைவு.

அந்தத் தாய் வந்த காலைக்குத் திரும்பி வருகிறேன். நான் அவரை வாங்கில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. நான் முதலில் காரணம் சொல்லத்தான் பார்த்தேன். சாவடியில் நடந்ததை, கொப்பிகள் சேற்றில் விழுந்ததை, அவர்கள் சிரித்ததை எல்லாம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றுவார் என்று மனதில் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலும்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "என்னையும்தான் டீச்சர் தெனமும் தடவுறாங்க. நான் யாரைப் போய் அடிக்கிறது?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பையனிடமும் சொல்லுவேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பையனின் சட்டைக் கொலரைச் சரிசெய்து வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, சாவடியில் வரிசை கூடுவதற்கு முன்னர் கூலி வேலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விறுவிறென்று நடந்தார்.